தண்ணீர்ப் பந்தலுக்குக் காசு கொடுப்பது யார்?

சித்திரை, வைகாசி வெயிலில் ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். நாமும் நின்று ஒரு டம்ளர் நீர்மோர் வாங்கிக் குடிக்கிறோம். ‘அப்பாடா!’ என்று நெஞ்சு குளிர்கிறது. நடையைக் கட்டி விடுகிறோம். பானை வாங்கக் காசு கொடுத்தவர் யார், விடிகாலையில் எழுந்து மோர் கடைந்தவர் யார், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டவர் யார் என்றெல்லாம் கேட்பதுண்டா?

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, சகோதரிகளே! அதில் நீங்களும் நானும் தினமும் தாகம் தீர்த்துக் கொள்கிறோம். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு செல்போன் என்றால், அதற்கு அஸ்திவாரமாக இருப்பது ‘லினக்ஸ்’ என்ற இலவச மென்பொருள். கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறோமே, ஆரஞ்சு நிறக் கூம்பு படம் போட்ட வி.எல்.சி., அதுவும் அப்படித்தான். நம் தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் ‘பாஸ்’ என்று ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இவை எதற்கும் நாம் பத்துப் பைசா கொடுத்ததில்லை. அப்படியானால் இவற்றைச் செய்கிறவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள்? வாடகை எப்படிக் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வி என் வீட்டிலேயே எழுந்ததால்தான் நான் விசாரிக்கத் தொடங்கினேன். தெரிந்து கொண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

கோல நோட்டு தெரியுமா?

முதலில் இது என்ன சமாசாரம் என்று பார்த்து விடுவோம்.

நம் வீடுகளில் கோல நோட்டு உண்டு. பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி என்று எழுதி வைத்திருப்போம். எதிர்வீட்டுப் பெண் கேட்டால் நோட்டையே கொடுத்து விடுவோம். அவள் பார்த்துப் போடுவாள்; நடுவில் இருக்கும் தாமரையை எடுத்துவிட்டு மயில் வரைவாள். அதை அவளிடமிருந்து இன்னொருத்தி எழுதிக் கொள்வாள். யாரும் யாரையும் ‘இது என் கோலம், தொடாதே’ என்று சொல்வதில்லை.

சாதாரணமாகக் கடையில் விற்கும் சாஃப்ட்வேர் அப்படி அல்ல. கோலத்தைப் பார்க்கலாம், புள்ளிக் கணக்கைக் காட்ட மாட்டார்கள். புள்ளிக் கணக்கையும் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்து, ‘பாருங்கள், மாற்றுங்கள், பிறருக்கும் கொடுங்கள்’ என்று சொன்னால் அதற்குப் பெயர் ‘கட்டற்ற மென்பொருள்’ அல்லது ‘திறந்த மூல மென்பொருள்’. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இதை ஓர் இயக்கமாகவே அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்ற இளைஞர் லினக்ஸை வெளியிட்டார். அதன்பின் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்து வருகிறார்கள்.

ஒரு சுவையான செய்தி: பாஸுக்கு அடிப்படையாக இருந்தது ‘டெபியன்’ என்ற மென்பொருள். 1993-ல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், அப்போது தன் காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். கம்ப்யூட்டர்காரர்களுக்கும் மனசு இருக்கிறது, பாருங்கள்!

எங்கள் வீட்டு ராத்திரி விளக்கு

என் மருமகள் ஒரு நல்ல கம்பெனியில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது. ராத்திரி அவன் தூங்கின பிறகு, பத்து மணிக்கு மேல், சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக் கொண்டு உட்கார்ந்து விடுவாள். சிறுவர்களுக்கான ஓர் இலவசப் படிப்பு விளையாட்டைத் தமிழில் மொழிபெயர்ப்பதும், அதில் இருக்கும் பிழைகளைத் திருத்துவதும் வேலை. சில நாள் பன்னிரண்டு மணி கூட ஆகிவிடும்.

“சம்பளம் எவ்வளவு தராங்க?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்.

“சம்பளமெல்லாம் கிடையாது மாமி” என்றாள் இவள்.

மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘உன் மருமகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா’ என்று கேட்கிற மாதிரி இருந்தது.

மாமி போனபின் நான் அவளிடம் சொன்னேன்: “ஏம்மா, ராத்திரி கண் முழிச்சு உடம்பைக் கெடுத்துக்கறியே. காசும் வரலை. எதுக்கும்மா இது?”

அவள் கோபித்துக் கொள்ளவில்லை. “அத்தை, நீங்க முப்பது வருஷமா இந்த வீட்டுல சமைக்கிறீங்களே, யாராவது சம்பளம் கொடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

“அது என் குடும்பம்.”

“இதுவும் ஒரு மாதிரி குடும்பம்தான் அத்தை. ஆனா நீங்க கேக்கறதும் நியாயம். குடும்பம்னாலும் மளிகைக்குக் காசு வேணுமில்ல? இந்தக் கேள்வியைத்தான் உலகத்துல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

அதன்பிறகு அவள் சொன்ன கதைகள் என்னை யோசிக்க வைத்தன.

நின்றால்தான் தெரியும் வேலை

நம் வேலைக்கு ஒரு குணம் உண்டு. ஒழுங்காக நடக்கிறவரை யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் காபி நேரத்துக்கு வரவில்லை என்றால்தான் ‘என்னாச்சு?’ என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குணம் இந்த மென்பொருள் வேலைக்கும் அச்சாக உண்டு.

பாங்கிக் கணக்கு விவரம், கடவுச் சொல் முதலானவை இணையத்தில் போகும்போது பிறர் கண்ணில் படாமல் பூட்டிக் கொடுப்பதற்கு ‘ஓபன் எஸ்.எஸ்.எல்.’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. உலகத்துப் பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தப் பூட்டைத்தான் வாங்கி மாட்டியிருந்தன. ‘வாங்கி’ என்று சொன்னது தப்பு. சும்மா எடுத்து மாட்டியிருந்தன! 2014 ஏப்ரலில் அந்தப் பூட்டில் ஓர் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்த ஓட்டை. உலகமே பதறிப் போயிற்று.

அப்போதுதான் ‘இதைப் பார்த்துக் கொள்கிறவர்கள் யார்?’ என்று திரும்பிப் பார்த்தார்கள். முழு நேரமும் அதே வேலையாக இருந்தவர் ஒரே ஒருவர். நன்கொடையாக ஒரு வருஷத்தில் வந்து கொண்டிருந்த பணம் சுமார் 2,000 டாலர். நம் ஊரில் ஒரு சின்னக் கல்யாணத்தின் பந்திச் செலவுக்குக் கூடக் காணாது! அதற்குப் பிறகு, அந்த மாதமே, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் 3 வருஷத்துக்குக் குறையாமல் தருவதாக ஒப்புக்கொண்டு ஒரு பொது நிதி ஏற்படுத்தின. லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை நடத்தியது.

இன்னொருவர் ஜெர்மனியில் இருக்கும் வெர்னர் கோக். கடிதங்களைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டி அனுப்பும் ‘ஜி.என்.யு. பி.ஜி.’ என்ற மென்பொருளை 1997-ல் எழுதத் தொடங்கினார். அதிலிருந்து தானே பராமரித்து வந்தார். மனைவி, எட்டு வயது மகள், அவர்களோடு இந்த வேலை. வருமானம் போதாமல் 2013-ல் விட்டுவிடலாம் என்றே நினைத்திருக்கிறார். 2015 பிப்ரவரியில் அவருடைய நிலைமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. படித்தவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அவர் கேட்டிருந்த 1,20,000 யூரோ அடுத்த நாளுக்குள் நிரம்பி விட்டது. ஃபேஸ்புக், ஸ்ட்ரைப் என்ற இரண்டு கம்பெனிகளும் வருஷத்துக்கு 50,000 டாலர் வீதம் தர முன்வந்தன.

கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. ஜனங்களுக்கு மனசில்லாமல் இல்லை. சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

ஊர் கூடி இழுத்த தேர்

காசு சேர்ந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கதை ‘பிளெண்டர்’ கதை. கார்ட்டூன் படங்களை உயிரோடு நடமாட வைக்கும் மென்பொருள் அது. நெதர்லாந்தில் டான் ரோசண்டால் என்பவர் செய்தது. அவர் நடத்திய கம்பெனி 2002-ல் மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் கையில் மென்பொருளின் உரிமை போய் மாட்டிக் கொண்டது. பெற்ற பிள்ளையை அடகுக் கடையில் வைத்த மாதிரி!

ரோசண்டால் சும்மா இருக்கவில்லை. பணம் போட்டவர்களிடம் பேசினார். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் எல்லோருக்கும் பொதுவாக விட்டு விடலாம் என்று முடிவாயிற்று. 2002 ஜூலையில் உலகத்துப் பயனர்களிடம் கை நீட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்து விட்டது! அந்த அக்டோபரில் பிளெண்டர் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக வெளிவந்தது.

அதோடு நின்றார்களா? 2006-ல் வெளிவந்த ஒரு குறும்படத்துக்கு, படம் முடியும் முன்பே டி.வி.டி.க்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டியவர்களின் பெயரைப் படத்தின் கடைசியில் போட்டார்கள். கோயில் டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறோமே, அதே யுக்திதான்! இன்றைக்கு அந்த மென்பொருளின் பெருமை என்ன தெரியுமா? லாட்வியா என்ற சின்னஞ்சிறு தேசத்துக்காரர் ஒருவர், ஒரு பூனையின் கதையை ‘ஃப்ளோ’ என்ற பெயரில் பிளெண்டரிலேயே எடுத்தார். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. ஏழு வாரத்தில் சேர்ந்த அந்தச் சில்லறைக் காசுகள் எங்கே போய் முளைத்திருக்கின்றன, பார்த்தீர்களா?

காசு வரும் வழிகள்

மருமகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

*உண்டியல்:* பயன்படுத்துகிறவர்கள் தங்களால் முடிந்ததைப் போடுவது. விக்கிபீடியா வருஷா வருஷம் கேட்கிறதே, அந்த மாதிரி. குறிப்பிட்ட ஒருவருக்கு மாதா மாதம் சிறு தொகை அனுப்பவும் வசதிகள் உண்டு.

*மண்டகப்படி:* பெரிய கம்பெனிகள் ஒரு விழாவின் செலவையோ, ஒருவருடைய சம்பளத்தையோ ஏற்றுக் கொள்வது. சில கம்பெனிகள் தங்கள் ஊழியர்களையே இந்த வேலையைச் செய்யச் சொல்லிச் சம்பளம் கொடுக்கின்றன.

*அரசாங்க உதவி:* ஜெர்மனி அரசு 2022-ல் இதற்கென்றே தனி நிதி ஒன்று தொடங்கியது. சாலை, பாலம் மாதிரி இதுவும் தேசத்துக்கு அஸ்திவாரம் என்பது அவர்கள் எண்ணம். ‘க்னோம்’ என்ற ஒரு திட்டத்துக்கு மட்டும் 2023-ல் பத்து லட்சம் யூரோ ஒதுக்கினார்கள்.

*நம் நாட்டு உதவி:* 2020-ல் ‘ஃபாஸ் யுனைடெட்’ என்ற அமைப்பு ஏற்பட்டது. திட்டங்களுக்கு உதவித் தொகை தருகிறது; சென்னை உள்பட பல நகரங்களில் கூட்டங்கள் நடத்துகிறது. பெங்களூரில் இருக்கும் ஜெரோதா என்ற பங்குத் தரகு கம்பெனி, 2024 அக்டோபரில் உலகத் திட்டங்களுக்காக வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை தருவதாக ஒரு நிதியை அறிவித்தது. நாமும் வாங்கிக் குடித்தது மட்டுமல்ல, பானையில் ஊற்றவும் தொடங்கியிருக்கிறோம் என்பது சந்தோஷந்தான்.

வந்த பணத்தை யார் வைத்துக் கொள்வது? இது பெரிய கேள்வி. மூன்று பேர் மூன்று தேசத்தில் இருந்து கொண்டு வேலை செய்கிறார்கள்; அவர்களுக்குப் பொதுவான பாங்கிக் கணக்கு எங்கே இருக்கும்? இதற்காகச் சில பொது அமைப்புகள் இருக்கின்றன. டெபியனின் பணத்தைப் பார்த்துக் கொள்வதற்காக 1997-ல் ஓர் அமைப்பைப் பதிவு செய்தார்கள். இப்போது அது வேறு பல திட்டங்களின் பணத்தையும் பாதுகாக்கிறது. ‘ஓபன் கலெக்டிவ்’ என்ற இடத்தில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு நோட்டை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கிறோமே, அந்த நாணயம்!

திருவிழாக்கள்

காசு மட்டும் இருந்தால் போதுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாமா? வருஷமெல்லாம் திரையிலேயே பேசிக் கொள்கிறவர்கள் ஒரு முறையாவது கூடி உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உறவு ஒட்டும்.

பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ‘ஃபாஸ்டெம்’ என்ற விழா 2001-லிருந்து நடந்து வருகிறது. குளிர்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு. இடம் அங்குள்ள பல்கலைக்கழகம். ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெயர் பதிவு கூடக் கிடையாது! தொண்டர்களே எல்லாவற்றையும் கவனித்துக் கொள்கிறார்கள். கம்பெனிகளின் உதவியும், வருகிறவர்கள் கொடுக்கும் நன்கொடையும் செலவைத் தாங்குகின்றன. கொடுத்தவர்களுக்கு ஒரு பனியன் கிடைக்கும்.

டெபியன்காரர்களின் மாநாடு வருஷத்துக்கு ஒரு தேசத்தில் நடக்கும். 2023 செப்டம்பரில் முதல் முறையாக நம் நாட்டுக்கு வந்தது. நம் பக்கத்துக் கொச்சியில்! கம்பெனிகள் கொடுக்கும் தொகையைப் பொறுத்து பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். (நமக்கு இந்த வரிசை நன்றாகப் புரியும்!) அந்தப் பணத்தில், கைக்காசு போட்டு வர முடியாதவர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், சில பேருக்குப் பயணச் செலவு கூடக் கொடுக்கிறார்கள். விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இவர்களிடம் ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. 2005-ல் பின்லாந்து மாநாட்டில் சில பேர் தங்கள் ஊர் பாலாடைக்கட்டியைக் கொண்டு வந்து பகிர்ந்து சாப்பிட்டார்கள். அது அப்படியே பழக்கமாகி, இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் தின்பண்டத்தைக் கட்டிக் கொண்டு வருகிறார்கள். கட்டுச் சாதக் கூடையைக் கண்டுபிடித்தது நாம் மட்டும் அல்ல போலிருக்கிறது!

இவ்வளவு பெரிய விழாவுக்குப் போக நமக்கு முடியுமா என்று மலைக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு கல்லூரி அறையில் மாதம் ஒரு முறை கூட்டம் நடக்கிறது. மருமகள் பேசுகிறாள் என்று பேரனைத் தூக்கிக் கொண்டு நானும் போனேன். சுமார் நாற்பது பேர். அதில் பெண்கள் ஆறு பேர், என்னையும் சேர்த்து. அறை இலவசம். டீ, சமோசாவுக்கு ஓர் உள்ளூர்க் கம்பெனி பணம் கொடுத்திருந்தது. ஒரு கல்லூரிப் பையன் ஓடி ஓடி நாற்காலி போட்டான்.

மருமகள் இருபது நிமிஷம் பேசினாள். தமிழில் மொழிபெயர்க்கும்போது வரும் சங்கடங்களைச் சொன்னாள். சின்னக் குழந்தையிடம் ‘முயற்சி தோல்வி’ என்று திரை சொன்னால் அது அழாதா? அதனால் ‘இன்னொரு தடவை பார்க்கலாமா?’ என்று மாற்றியிருக்கிறாள். கேட்டு எல்லோரும் கை தட்டினார்கள். நடுவில் பேரன் அழுதான். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். “பரவாயில்லை, இருங்கம்மா” என்று அந்த நாற்காலிப் பையன் விசிறிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தான். வேலையை விட்டபின் அவள் முகத்தில் அந்த மலர்ச்சியை அன்றுதான் பார்த்தேன். சம்பளம் இல்லாவிட்டாலும் அவள் எதற்காகக் கண் விழிக்கிறாள் என்பதற்கு வேறு பதில் எனக்குத் தேவைப்படவில்லை.

பெண்களுக்கு ஒரு கதவு

ஆனாலும் நாற்பது பேரில் ஆறு பேர் என்பது என் மனசில் உறுத்தியது. இது உலகம் முழுவதும் உள்ள குறை.

கூகுள் கம்பெனி 2005-லிருந்து ‘சம்மர் ஆஃப் கோட்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. கோடை மாதங்களில் மாணவர்கள் திறந்த மூல வேலை செய்தால் பணம் தருவார்கள். (2022 முதல், 18 வயது நிறைந்த புதியவர்கள் மாணவராக இல்லாவிட்டாலும் சேரலாம் என்று விரிவாக்கினார்கள்.) 2006-ல் அதில் க்னோம் திட்டத்தில் சேர 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர் கூட இல்லை! க்னோம்காரர்கள் ‘பெண்களுக்கு விருப்பமில்லை’ என்று சும்மா விட்டு விடவில்லை. பெண்களுக்கென்று தனியாக ஓர் அழைப்பு விட்டார்கள். உடனே நூறு பெண்கள் வரை விண்ணப்பித்தார்கள். விருப்பம் இல்லாமல் இல்லை. ‘வாம்மா’ என்று கூப்பிட ஆளில்லை!

2010-ல் அது நிலையான திட்டமாயிற்று. பின்னால் ‘அவுட்ரீச்சி’ என்று பெயர் மாறி, பெண்களோடு, இந்தத் துறையில் ஒதுக்கப்படுகிற மற்றவர்களையும் சேர்த்துக் கொண்டது. வீட்டிலிருந்தே மூன்று மாதம் வேலை. கூட இருந்து சொல்லிக் கொடுக்க ஒரு வழிகாட்டி. உதவித் தொகை முன்பு 5,500 டாலர்; பிறகு 7,000 டாலராக உயர்த்தினார்கள். படித்துவிட்டு, குழந்தைக்காக வேலையை விட்ட பெண்கள் திரும்பி வர இது ஒரு நல்ல வாசல் என்று சொல்லத்தான் வேண்டும். என் மருமகளும் விண்ணப்பித்திருக்கிறாள். வாரம் முப்பது மணி நேரம் வேலை. அந்த நேரத்தில் பேரனை நான் பார்த்துக் கொள்வது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். முடிவு இன்னும் வரவில்லை.

‘பைதான்’ என்ற கம்ப்யூட்டர் மொழிக்காரர்களிடையே ‘பைலேடீஸ்’ என்ற பெண்கள் குழு 2011-ல் அமெரிக்காவில் தொடங்கியது. வருஷாந்தர மாநாட்டில் ஏலம் நடத்தித் தங்களுக்கு நிதி சேர்த்துக் கொள்கிறார்கள். அந்த மாநாட்டில் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளத் தனி ஏற்பாடும் செய்தார்கள். குழந்தைக்கு ஒரு தொட்டில் போட்டால், தாய் ஒருத்தி உள்ளே வந்து உட்காருவாள். இந்தச் சின்ன விஷயம் நம் ஊரில் விழா நடத்துகிறவர்களுக்கும் தெரிந்தால் நல்லது.

உடம்பும் மனசும்

நம் பத்திரிகையில் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? இலவச வேலையில் ஓர் ஆபத்து உண்டு. ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவர்கள் தலையில் எல்லாப் பாரமும் ஏறி விடும்.

2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ‘எக்ஸ்.இசட்.’ என்று ஒரு சிறிய மென்பொருள். பல வருஷமாக அதைத் தனியாளாகப் பார்த்து வந்தவர் மனச் சோர்வில் இருந்தார். ‘சீக்கிரம் முடி, ஏன் தாமதம்?’ என்று சிலர் அவரைக் குடைந்து கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் உதவிக்கு வருகிற மாதிரி ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். பிறகு கொல்லைப்புறச் சாவி ஒன்றை ரகசியமாக அதில் ஒளித்து வைத்தார்! ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிபுணர், வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது பரவும் முன்பே பிடிபட்டது. அரை விநாடி! குக்கர் விசில் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது நமக்கு இருக்கிறதே, அதே கவனம்.

களைத்துப் போன ஒருவரைத் தனியே விட்டால் வீட்டுக்கே ஆபத்து என்பது இதில் இருக்கும் பாடம். உங்கள் பிள்ளையோ பெண்ணோ இந்த வேலையில் இறங்கியிருந்தால் கவனியுங்கள்: தூக்கம் குறைகிறதா? எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறதா? பிடித்த வேலையே கசக்கிறதா? அப்படியானால் சில வாரம் விலகி இருக்கச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் தயங்காமல் அழைத்துப் போங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைப்பது என்று சட்டம் போட்டாயிற்று. மாலையில் ஒரு மணி நேரம் பேரனை நான் கோயிலுக்குத் தூக்கிப் போய் விடுகிறேன். அவளுக்குப் பகலிலேயே நேரம் கிடைக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

• உங்கள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பவற்றில் எவை இலவசப் பந்தல்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

• 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ‘ஜிகாம்ப்ரி’ என்ற படிப்பு விளையாட்டுத் தொகுப்பு இருக்கிறது. விளம்பரம் இல்லை, காசும் இல்லை. முயன்று பாருங்கள். அதற்கும் நேரத்துக்கு ஓர் அளவு வையுங்கள்.

• தினமும் பயன்படுகிற ஒன்றுக்கு வருஷத்தில் ஒரு நாள், பிறந்த நாளோ கல்யாண நாளோ, நூறு ரூபாயாவது கொடுங்கள். அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தின் வழியாக மட்டுமே கொடுங்கள். போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்கிறவர்கள் நன்கொடை வாங்குகிறவர்கள் அல்ல, திருடர்கள்!

• காசு இல்லையா? தமிழ் இருக்கிறதே! பல மென்பொருள்களுக்குத் தமிழில் மொழிபெயர்க்க ஆள் தேவை. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ‘இங்கே புரியவில்லை’ என்று குறை சொல்வது கூட உதவிதான்.

• உங்கள் ஊர்க் கல்லூரியில் கூட்டம் நடந்தால் பெண்ணை அனுப்புங்கள். முதல் தடவை தயங்கினால் துணைக்குப் போய் வாருங்கள்.

• வீட்டில் ஒருவர் இந்த வேலை செய்தால் ‘வெட்டி வேலை’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லின் வலி நம்மைவிட யாருக்குத் தெரியும்?

பந்தல்காரர்கள் யாரிடமும் கை நீட்டிக் கட்டாயப்படுத்துவதில்லை. தாகத்தோடு வந்தவர்களுக்கு ஊற்றிக் கொண்டே இருக்கிறார்கள். அடுத்த முறை குடிக்கும்போது, பானையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். முடிந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள்.